மலைவேலியில் ஒரு பொட்டு

மாதகல் கரையில் வள்ளம் வந்து சேர்ந்ததும் "கணவாய் கிடைச்சுதோ?" என்று கேட்டால், மை கக்கும் அந்தக் கடலுயிரைத்தான் கூடையில் இருந்து எடுத்துக் காட்டுவார்கள். கோயில் திருவிழாவில் "கச்சான் வாங்கித் தாங்கோ" என்று பிள்ளை கேட்டால், கையில் வந்து சேர்வது வறுத்த நிலக்கடலை. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வளர்ந்த எனக்கு இந்த இரண்டு சொற்களும் வெகுகாலம் சாப்பாட்டுச் சொற்களாகவே இருந்தன. கணவாய் என்றால் மலைத்தொடரில் விழுந்த இடைவெளி என்றும், கச்சான் என்றால் மேற்கிலிருந்து வீசும் காற்று என்றும் புவியியல் பாடத்தில் படித்தபோது அது வேறொரு தமிழாகத் தோன்றியது. எங்கள் ஊரில் மலை ஏது? பக்கத்தில் கீரிமலை இருக்கிறது. பெயரில் மட்டும்தான் மலை. போய்ப் பார்த்தால் கடலோரக் கேணியும் சுண்ணாம்புக் கல்லும்தான்.

ஆனாலும் ஒரு கேள்வி சிறு வயதிலேயே மனதில் ஏறிவிட்டது. வைகாசி தொடங்கி ஆவணி வரை எங்கள் வளவில் சோளகக் காற்று பனைகளைப் பிடித்து உலுக்கும். மண் பறக்கும், கிணற்றில் நீர் இறங்கும், ஒரு துளி மழை இராது. அதே நாட்களில் வானொலியைத் திருப்பினால் இரத்தினபுரியில் வெள்ளம், களுகங்கை பெருக்கெடுத்தது என்று செய்தி வரும். இரண்டு இடத்திலும் வீசுவது ஒரே தென்மேற்குக் காற்று. அங்கே வெள்ளமும் இங்கே புழுதியும் எப்படி?

விடையை நான் கண்ணால் கண்டது அப்புத்தளைப் புகையிரத நிலையத்தில், ஓர் ஆவணி மாதப் பின்னேரம். கடல்மட்டத்தில் இருந்து 1,431 மீற்றர் உயரத்தில் ஒரு குறுகிய முதுகின்மேல் அமர்ந்திருக்கும் ஊர் அது. தெருவின் ஒரு பக்கம் தெற்கே தாழ்நிலம் நோக்கிச் சரிகிறது. மறுபக்கம் வடக்கே தியத்தலாவையின் புல்மேடுகள். தெற்குச் சரிவில் இருந்து மூடுபனி மேலே ஏறி வந்தது. தண்டவாளத்தைக் கடந்தது, கடைகளின் தகரக் கூரையைத் தொட்டது, வடக்குச் சரிவில் சில பத்து மீற்றர் இறங்கியதும் இல்லாமல் போனது. கலைந்து நகர்ந்துபோகவில்லை. அந்த இடத்திலேயே கரைந்தது. பின்னால் இருந்து புதுப்பனி வந்துகொண்டே இருந்தது, எல்லாம் ஏறத்தாழ ஒரே கோட்டில் மறைந்தன. பக்கத்தில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்ற அம்மா என் வியப்பைப் பார்த்து, "இது கச்சான் காத்துங்க ஐயா. அந்தப் பக்கம் போனா மூஞ்சி காஞ்சிரும்" என்றார்.

அந்தக் கோட்டைப் புரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் வேலியைப் பார்ப்போம். இலங்கையின் மத்திய மலைநாட்டை நங்கூர வடிவம் என்பார்கள். அந்த நங்கூரத்தின் அடிவளைவுதான் தென் மலைச்சுவர். மேற்கே 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாதமலையில் தொடங்கி, ஓட்டன் சமவெளியைத் தாங்கி, கிழக்கே 2,036 மீற்றர் உயர நமுனுகுல வரை ஓடுகிறது. ஓட்டன் சமவெளி 2,100 மீற்றரளவில் இருக்கிறது. அதன் தெற்கு விளிம்பில் நிலம் அப்படியே முறிந்து விழும் இடத்துக்குத்தான் உலக முடிவு என்று பெயர். அங்கிருந்து கிழக்கே வர வர வேலி தாழ்கிறது: அப்புத்தளையில் 1,430, பண்டாரவளையில் 1,230, எல்லவில் 1,040 மீற்றர். அதற்கப்பால் நமுனுகுல மறுபடி எழுகிறது.

எங்கள் ஊரில் கிடுகு வேலியில் நாயும் பிள்ளைகளும் புகுந்து புகுந்து ஏற்படும் ஓட்டையைப் பொட்டு என்போம். தென் மலைச்சுவரில் அப்புத்தளையும் எல்லவும் அப்படியான இரண்டு பொட்டுகள். இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. எல்லப் பொட்டின் வழியே கிரிந்தி ஓயாவின் நீர் தெற்கே இறங்குகிறது. ஆறு கடக்கும் கணவாயை ஆற்றுக் கணவாய் என்றும், ஆறில்லாமல் காற்று மட்டும் கடப்பதைக் காற்றுக் கணவாய் என்றும் சொல்லலாம். அப்புத்தளை இரண்டாவது வகை.

இனி அந்த மூடுபனிக்கோடு. கடலைத் தாண்டி வரும் காற்று ஈரலிப்பைச் சுமந்து வருகிறது. மலை குறுக்கே நின்றால் அது மேலே ஏற வேண்டும். உயரே போகப் போக அமுக்கம் குறையும்; காற்று விரியும்; விரிகிற காற்று குளிரும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதை எல்லோரும் தொட்டறிந்திருப்போம். அது நெருக்கப்பட்ட காற்றின் சூடு. இது அதன் மறுபக்கம். ஈரம் ஒடுங்காதவரை, ஏறும் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் காற்று ஏறத்தாழ 10 பாகை குளிரும்.

ஓர் உயரத்துக்கு மேல் ஆவி நீர்த்துளியாகத் தொடங்கும். இங்கேதான் சூட்சுமம். புட்டுப்பானை ஆவி கையில் பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடுவது ஏன்? ஆவி தோலில் பட்டு நீராகும்போது, அது ஆவியானபோது வாங்கி வைத்திருந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. இதை மறைவெப்பம் என்கிறோம். முகில் உருவாகும்போதும் அதே கொடுக்கல் நடக்கிறது. அதனால் முகிலுக்குள் ஏறும் காற்று மெதுவாகத்தான் குளிரும். நம் வெப்பமண்டலக் காற்றில் 1,000 மீற்றருக்கு ஏறக்குறைய 5 பாகை.

ஒரு காற்றுப் பொதியைப் பின்தொடர்வோம். மேற்குக் கரையோரம் 28 பாகையில் புறப்படுகிறது என்று வையுங்கள். 500 மீற்றர் ஏறும்போது 23 ஆகிறது, முகில் கட்டுகிறது. அங்கிருந்து 2,000 மீற்றர் உச்சி வரை மழையைக் கொட்டிக்கொண்டே ஏறுகிறது. உச்சியில் பதினைந்தரைப் பாகை. மழையாய் விழுந்த நீர் மேற்குச் சரிவோடு போய்விட்டது. அது கொடுத்த வெப்பம் மட்டும் காற்றில் தங்கிவிட்டது. இப்போது காற்று மறுபக்கம் இறங்குகிறது. இறங்கும்போது நெருக்கப்பட்டுச் சூடாகிறது, முகில் உடனே கரைகிறது, அதன்பின் 1,000 மீற்றருக்கு 10 பாகை வீதம் சூடேறுகிறது. மலையின் மறுபக்கமான ஊவாவில் 1,000 மீற்றர் உயரத்தை எட்டும்போது இருபத்தைந்தரைப் பாகை. மேற்குச் சரிவில் அதே உயரத்தில் இருந்தபோது இருபதரை. ஒரே காற்று, ஒரே உயரம், 5 பாகை வித்தியாசம். ஏறியபோது ஈரம், இறங்கியபோது வறட்சி. மூடுபனி கரைந்த அந்தக் கோடு, ஏறுகிற காற்று இறங்குகிற காற்றாக மாறும் இடம்.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் இப்படி இறங்கும் சூட்டுக் காற்றுக்கு ஃபோன் என்று பெயர். உலகெங்கும் பாடநூல்களில் அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது. ஊவாவிலும் மட்டக்களப்பிலும் வெயிற்காலக் கச்சானை வாங்கியவர்கள் தங்கள் பெயரை எப்போதோ வைத்துவிட்டார்கள். அறிவியல் தமிழுக்குக் கச்சான் என்ற சொல்லே போதும் என்பது என் எண்ணம். மழையிறங்கும் பக்கத்தை முகப்புச் சரிவு, மழை எட்டாத பக்கத்தை மழையொதுக்கு என்றால் கதை முழுவதும் தமிழில் ஓடும்.

இதற்கு மழைமானிகள் சாட்சி. மேற்குச் சரிவில் வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மலையின் மறுபக்கத்துப் பண்டாரவளையில் அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான், அதிலும் பெரும்பங்கு வேறு பருவங்களில். மானி பார்க்கத் தேவையில்லாதவர்களுக்குப் பதுளை ரயில் இருக்கிறது. நாட்டின் மிக உயர்ந்த நிலையம் பட்டிப்பொல. அதைத் தாண்டி மலைமுகட்டுச் சுரங்கத்துக்குள் நுழையும்போது யன்னலில் தூறல் வடியும். வெளியே வந்தால் வெயில். தென்மேற்குக் காலத்தில் போன பலருக்கு இந்த அனுபவம் உண்டு. புல்லும் சாட்சிதான். ஊவாவின் மேடுகளில் காடு அடர்ந்து ஏறாமல் வெறும் புல்லாகக் கிடக்கும் நிலத்தைப் பத்தனை என்கிறார்கள். காய்ந்து, தீப்பிடித்து, மறுபடி முளைக்கும் புல் அது.

ஆனால் பொட்டு இங்கே என்ன செய்கிறது? வேலி முழுவதும் ஒரே உயரமாக இருந்தாலும் காற்று ஏறி இறங்கத்தானே செய்யும்?

ஒடுங்கிய வழியில் காற்று வேகம் கொள்ளும், குழாய் வாயை விரலால் அடைத்தால் நீர் பீய்ச்சுவதைப் போல, என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. முதன்மைக் காரணத்தைத் தோட்டத்துப் பாத்தியில் பார்க்கலாம். மேட்டுப் பாத்தியில் நீர் கட்டி நிற்கிறது. வரம்பு அதைத் தாங்குகிறது. வரம்பில் ஓரிடம் கால்பட்டுத் தாழ்ந்துவிட்டால் நீர் அங்கேதான் பாயும், பாய்ச்சலும் வேகமாக இருக்கும். வேகத்தைத் தருவது இரு பக்க நீர்மட்ட வித்தியாசம். தாழ்ந்த இடம் வழிவிடுகிறது, அவ்வளவே. மலைச்சுவரின் காற்றுப்பக்கத்தில் காற்று குவிந்து அமுக்கம் கூடுகிறது, மறுபக்கத்தில் குறைகிறது. கனத்த, குளிர்ந்த கீழ்க்காற்றின் ஒரு பகுதிக்கு 2,000 மீற்றர் ஏறி வரம்பைத் தாண்டத் தெம்பில்லை. அது பக்கவாட்டில் வழி தேடி, 1,400 மீற்றரிலோ 1,000 மீற்றரிலோ பொட்டைக் கண்டதும் அதன் வழியே கொட்டுகிறது. ஆகவே அப்புத்தளையிலும் எல்லவிலும் காற்றின் வேகத்தைக் கூட்டுவது ஒடுக்கத்தைவிட, இரு பக்க அமுக்க வித்தியாசம்தான்.

இந்தக் காற்றைக் குடித்துப் பார்க்கவும் முடியும். ஊவாத் தேயிலைக்கு ஆடி முதல் புரட்டாதி வரை ஒரு தனிப் பருவம் உண்டு. அப்போது பறித்த கொழுந்தில் போட்ட தேத்தண்ணியில் மெல்லிய குளிர்ச்சியான ஒரு மணம் எழும். மூட்டுவலித் தைலப் போத்தலைத் திறந்ததும் வருமே, அதன் சாயல். இரண்டிலும் இருப்பது ஒரே பொருள், மெதைல் சலிசிலேற்று. வறண்ட காற்று இலையின் நீரை உறிஞ்சும்போது செடியின் வளர்ச்சி தளர்கிறது. இடர் நேரத்தில் செடிகள் உண்டாக்கும் வாசனைப் பொருட்கள் சிறுத்த கொழுந்தில் செறிகின்றன. தொழிற்சாலை மேல்மாடியில் இலையை வாடவிடும் வேலைக்கும் இதே காற்று உதவுகிறது. அப்புத்தளைக்கு அருகே தம்பத்தன்னைத் தோட்டத்தைத் தோமஸ் லிப்டன் வாங்கியது 1890-இல். அந்த மணத்தை உலகம் அவர் பெயரோடு சேர்த்து அறிந்துகொண்டது. முகம் காயக் காய அந்தக் கொழுந்தைப் பறித்த மலையகத் தமிழ்ப் பெண்களின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. கச்சானின் குணத்தை ஒரே வரியில் எனக்குச் சொன்னவர் அவர்களில் ஒருவர்.

பொட்டு எப்படி வந்தது? இந்த மலைகளின் பாறை ஏறத்தாழ 55 கோடி முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இந்தியா, மடகாஸ்கர், அந்தாட்டிக்கா எல்லாம் கொண்டுவானா என்ற ஒரே நிலமாக மோதி இணைந்த காலத்தில், நிலத்துக்கடியில் வெந்து உருமாறியது. எவ்வளவு ஆழத்தில் என்று பாறையே சொல்கிறது. வெட்டுப்பாறையில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும் கார்னட் கனிமமும் அதன் அயல் கனிமங்களும் எந்த வெப்பத்தில், எந்த அமுக்கத்தில் சேர்ந்து உருவாகும் என்பதை ஆய்வுகூடத்தில் அறிந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் அவை இருபது கிலோமீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில் பிறந்தவை. இன்று நாம் அவற்றின்மேல் நின்று படம் எடுக்கிறோம். அப்படியென்றால் மேலே இருந்த இருபது கிலோமீற்றர் பாறை எங்கே? மழையும் ஆறும் கடலுக்குக் கொண்டுபோய்விட்டன.

அந்த அரிப்பு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. இதை அறிய ஓர் அழகான முறை இருக்கிறது. விண்வெளியில் இருந்து வரும் கதிர்கள் பாறையின் மேல்தோலில் பட்டு, பெரிலியம் 10 என்ற அரிய அணுவைச் சிறுகச் சிறுக உண்டாக்குகின்றன. கருவாட்டைத் தொட்டுப் பார்த்தே எத்தனை நாள் வெயில் கண்டது என்று எங்கள் கரையில் சொல்லிவிடுவார்கள். அதுபோல, ஆற்றுமணலில் இந்த அணு மிகுதியாக இருந்தால் அந்த மணல் வெகுகாலம் மேற்பரப்பில் கிடந்தது, அரிப்பு மெதுவானது என்று பொருள். குறைவாக இருந்தால் அரிப்பு விரைவு. இப்படி அளந்தபோது ஓட்டன் சமவெளியின் மேல்தளம் ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர்தான் தேய்வது தெரிந்தது. அதன் தெற்கு ஓங்கல் அதைப்போல் சுமார் பத்து மடங்கு வேகத்தில் தேய்கிறது. அதாவது வேலி மேலிருந்து குறையவில்லை, தெற்கிலிருந்து தின்னப்படுகிறது. தெற்கு ஓடைகளின் தலைகள் பின்னோக்கி மலைக்குள் அரித்துச் செல்கின்றன. பாறை வெடித்தும் உடைந்தும் இருந்த இடத்தில் ஓடை முந்திக்கொள்கிறது. அங்கே பொட்டு விழுகிறது.

அப்புத்தளை முதுகில் விழும் மழைக்கு இரண்டு விதி. வடக்குக் கூரையில் விழுந்த துளி மகாவலியின் கிளைகளில் சேர்ந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலைக் காணும். தெற்குக் கூரையில் விழுந்த துளி அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கடலுக்குப் போகும். இந்த நீர்பிரிமேட்டை மனிதரும் துளைத்துவிட்டார்கள். உமா ஓயாத் திட்டத்தில் வடக்கே புகுல்பொல, டயரபா என்ற இரண்டு அணைகளில் தேக்கிய நீரைப் பண்டாரவளைப் பக்கத்து மலைக்கடியில் சுரங்கம் வழியாகத் தெற்கே கிரிந்தி ஓயாவுக்குத் திருப்பி, இடையில் 120 மெகாவாற் மின்சாரம் எடுக்கிறார்கள். 2024 ஏப்பிரலில் அது திறக்கப்பட்டது. ஆனால் தோண்டும்போது சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. மேலே பண்டாரவளைச் சுற்றுப்புறக் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. இறுகிய கரும்பாறை என்று நினைத்த மலைக்குள் வெடிப்புகளின் வலையும் அதில் நீரும் இருந்தது இப்படித்தான் வெளிச்சமானது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தேங்கும் நீரை நம்பிக் கிணற்றோடு வாழும் குடாநாட்டுக்காரனுக்கு அந்தச் செய்தி சொந்த வளவுச் செய்தியாகவே பட்டது.

தெற்கிலிருந்து தின்னப்படும் அந்த ஓங்கலின் அடியில் மனிதர் வாழ்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் சரிவு இடிந்து தோட்ட லயன் வீடுகளைக் குடும்பங்களோடு மூடியது. மலையடியில் காலங்காலமாகச் சரிந்து குவிந்த தளர்மண், மழைநீரில் ஊறிக் கனத்து, பிடிப்பிழந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று நிலச்சரிவு ஆய்வாளர்கள் முன்னரே எச்சரித்திருந்தார்கள். பாறையின் கணக்கில் பொட்டு விரிவது ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர். ஆனால் அது ஒரு சீராக நடப்பதில்லை. அசையாது கிடந்து, ஒரு காலையில் மொத்தமாக நடக்கும். அந்தச் சரிவின் அடியில் யாரைக் குடியமர்த்துகிறோம் என்பது பாறை எடுத்த முடிவல்ல.

எல்லவுக்கு இன்று கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். எல்ல என்றால் சிங்களத்தில் நீர்வீழ்ச்சி. வெல்லவாய வீதியோரம் விழும் இராவணன் நீர்வீழ்ச்சியை அப்பெயரில் கேட்கலாம். எதிரே எல்லப் பாறை, இந்தப் பக்கம் சின்னச் சிவனொளிபாதம். நடுவே தெற்குச் சமவெளி வரை திறந்த வெளி. ரயில் பண்டாரவளையை 1894-இலேயே எட்டிவிட்டது. பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924-இல்தான். இடைப்பட்ட நிலத்தைப் பார்த்தால் வியப்பில்லை. 1921-இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலமும், தெமோதரையில் பாதை சுற்றி வந்து தன்னடியிலேயே நுழைந்து போவதும் அந்த நிலத்துக்குக் கொடுத்த விலைதான்.

இனி நம் வளவுக்கு வருவோம். சோளகம் ஏன் யாழ்ப்பாணத்தில் மழை தருவதில்லை? ஏற்றிவிட மலையில்லை, ஏறாத காற்று குளிராது, முகிலும் கட்டாது. ஆனால் அந்தக் காற்று ஏன் இவ்வளவு வேகம்? படத்தை விரித்துப் பாருங்கள். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனையில் அகத்தியமலை, 1,868 மீற்றர். தென்கிழக்கே சிவனொளிபாதம். நடுவே ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு மன்னார் வளைகுடாவும் பாக்குநீரிணையும் தட்டை நிலமும்தான். இரண்டு மலைகளையும் தாண்டத் தெம்பில்லாத கீழ்க்காற்று நடுவழியே பாய்கிறது. 1996-இல் ஜப்பானியச் செயற்கைக்கோள் ஒன்றில் ஏறிய நாசாவின் கருவி, கடற்பரப்பின் சிற்றலைகளில் ரேடார் துடிப்புகள் பட்டுத் திரும்புவதைக் கொண்டு காற்றை அளந்தது. வாடைக்காலத்தில் இந்த இடைவெளியால் வடகிழக்குக் காற்று பீறிட்டுப் பாய்வதையும், அது கடலைக் கலக்கி இந்தியத் தென்முனையருகே நீரைக் குளிரவைப்பதையும் அந்தத் தரவில் கண்டார்கள். சோளகக் காலத்தில் பாய்ச்சல் எதிர்த்திசை. மன்னாரில் 2020-இல் தொடங்கிய தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்களும் அந்தப் பாய்ச்சலில்தான் 103.5 மெகாவாற் வரை எடுக்கின்றன. யாழ்தேவி ரயிலில் வரும்போது பளையில் தெரியும் சுழலிகளும் அதே வழியில் நிற்கின்றன.

மலையே இல்லாத பண்டத்தரிப்பும் ஒரு கணவாயின் வாயில்தான் இருக்கிறது. அப்புத்தளையில் வேலி 700 மீற்றர் தாழ்ந்த பொட்டு. இங்கே வேலி கடல் வரைக்கும் தாழ்ந்துவிட்டது. போன ஆவணியில் மாதகல் கரையில் நின்றேன். கச்சானுக்கும் சோளகத்துக்கும் நடுவில் காற்று மாறி மாறி அடித்தது. வள்ளத்தைக் கரையில் இழுத்துக் கட்டியிருந்த பெரியவர், "இண்டைக்குக் கணவாய் இல்லைத் தம்பி, காத்து விடேல்ல" என்றார்.